இல்லாத பிள்ளைக்கு இரண்டு புரின்

அந்த நாட்களில் நான் பரமட்டாவில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் மழைநீர் வடிகால்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். எந்தத் தெருவில் விழுகிற மழை எந்தக் குழாய்க்குள் போகும், எங்கே அடைக்கும், எங்கே பொங்கும் என்று பார்ப்பதுதான் வேலை. விருந்துகளில் யாராவது கேட்டால் "நீர் முகாமைத்துவம்" என்பேன். மனைவி பக்கத்தில் நின்றால், "வாய்க்கால் கீறுறவர்" என்று திருத்துவாள்.

2010ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், லேன் கோவ் தாண்டி வடக்குப் பக்கம் ஒரு சந்தில் தண்ணீர் தேங்குகிறது என்று என்னைப் பார்த்துவர அனுப்பினார்கள். நான் போய் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. காற்று குடையைப் பிரட்டிக்கொண்டு போனது. சப்பாத்தெல்லாம் சேறு. ஓடிப்போய் ரயில் நிலையத்துக்கு முன்னால் இருந்த ஒரு சின்ன ஆர்கேட்டுக்குள் ஒதுங்கினேன். உள்ளே கடைசியில் ஒரு கடை. கடை என்றால் இரண்டு கதிரை, ஒரு கண்ணாடிப் பெட்டி, பின்னால் ஒரு குசினி, அவ்வளவுதான். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஜப்பானியப் பெண்மணி என் சப்பாத்தைப் பார்த்தார். ஒரு பழைய பத்திரிகையைக் கொண்டுவந்து நிலத்தில் விரித்து, அதன்மேல் ஒரு கதிரையைப் போட்டார்.

சூடாக ஏதாவது இருக்குமா என்று கேட்டேன். எல்லாம் முடிந்துவிட்டது என்றார். கண்ணாடிப் பெட்டியில் மூன்று சின்னக் கண்ணாடிப் போத்தல்கள் மட்டும் இருந்தன. வாயில் கடதாசி மூடி, அதைச் சுற்றி நூல்.

"இது என்ன?"

"புரின்."

"புரின் என்றால்?"

"முட்டை, பால், சீனி."

"ஓ, புடிங்!" என்றேன், பள்ளிக்கூடத்தில் உச்சரிப்பைத் திருத்துகிற வாத்தியாரைப்போல. அவர் தலையாட்டி, "ஆமாம், புரின்" என்றார் மரியாதையாக. நான் விடவில்லை. இது எங்களிடமும் இருக்கிறது, இலங்கைத் தமிழர் வீட்டுப் பிறந்தநாள் எதற்குப் போனாலும் கரமல் புடிங் வைப்பார்கள், சீனியைக் கருக்கி, முட்டையும் பாலும் அடித்து ஊற்றி, ஆவியில் வைத்து என்று, தேத்தண்ணீர்கூடப் போடத் தெரியாத நான் அந்தப் பெண்மணிக்குச் செய்முறை விளக்கம் கொடுத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு ஒரு போத்தலின் நூலை அவிழ்த்து, ஒரு சின்னக் கரண்டியோடு முன்னால் வைத்தார்.

கரண்டி உள்ளே போனதே எனக்குத் தெரியவில்லை. எங்கள் புடிங்கைக் கொஞ்சமாவது கடிக்க வேண்டும். இதை நாக்கில் வைத்து அண்ணத்தோடு அமத்தினேன், காணவில்லை. பாலின் மணமும் முட்டையின் மணமும் மட்டும் வாய்க்குள் நின்றன. அவசரப்பட்டுக் கரண்டியை அடிவரை விட்டேன். அடியில் கறுப்பாக இருந்த பாகு வந்தது. ஒரே கசப்பு. பாவம், பாகை எரித்துப்போட்டார், சொல்லுவோமா விடுவோமா என்று யோசித்துக்கொண்டே அடுத்த கரண்டியில் மேலேயுள்ளதையும் கீழேயுள்ளதையும் சேர்த்து எடுத்தேன். அதற்குப் பிறகு போத்தலின் மூலையில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம் மட்டும் அந்தக் கடையில் கேட்டது.

மற்ற இரண்டு போத்தலையும் மனைவிக்கும் மகளுக்கும் என்று கட்டித்தரச் சொன்னேன். காருக்குள் ஏறி, மழை குறையட்டும் என்று இருந்தேன். மழை குறையவில்லை. ஒன்றைத் திறந்தேன். ஒன்றை மட்டும் கொண்டுபோனால் வீட்டில் சண்டை வரும் என்று மற்றதையும் திறந்தேன். அலுவலகத்துக்குத் திரும்பிவந்து கமராவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தண்ணீர் தேங்குகிற அந்தச் சந்தில் நான் ஒரு படம்கூட எடுக்கவேயில்லை. அடுத்த நாள் மறுபடி போக வேண்டியிருந்தது. அதில் எனக்குப் பெரிய கவலை ஏதும் இருக்கவில்லை.

இது இப்படியே மாதத்துக்கு ஒருமுறை, இரண்டுமுறை என்று போயிருக்கும். 2011 தொடக்கத்தில் என் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சீனி எல்லையில் நிற்கிறது என்றார் டொக்டர். என் மனைவி பரமட்டாவுக்குப் பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தாதி. எல்லை என்ற சொல்லைக் கேட்டதும் அவள் படையெடுத்துவிட்டாள். ஒரே நாளில் ஜாம் போத்தல் போனது, பிஸ்கற் ரின் போனது, தேத்தண்ணீரில் சீனி போனது. சோற்றுக்குப் பதிலாக இரவில் குரக்கன் என்கிற கேழ்வரகுப் பிட்டு.

"இனி உங்கட வாய்க்குள்ள இனிப்பு எண்டு ஒண்டும் போகப்படாது. விளங்குதோ?"

"ஓமப்பா."

ஓம் என்று சொல்லும்போது நான் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். பிரச்சினை சனிக்கிழமையில் இருந்தது. சனிக்கிழமை காலையில் மனைவிக்கு வேலை. பதின்மூன்று வயது மகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்ப ஏற்றும்வரை எனக்கு மூன்று மணித்தியாலம் சும்மா கிடந்தது. அந்த நேரத்தில் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போய்வரப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். பொய்யில்லை. கோயிலுக்குப் போனேன். கும்பிட்டேன், திருநீறு பூசினேன், எல்லாம் சேர்த்து நாலு நிமிடம் இருக்கும். பிறகு விக்டோரியா ரோட்டில் ஏறி வடக்கே விட்டேன்.

மனைவிக்கு நல்ல சந்தோஷம். "இவருக்கு இப்ப கடவுள் பக்தி வந்திட்டுது" என்று ரெலிபோனில் ஆட்களுக்குச் சொல்லத் தொடங்கினாள். சஷ்டி எப்போது, கார்த்திகை எப்போது என்று என்னிடம் கேட்டார்கள். நானும் கலண்டரைப் பார்த்துச் சொன்னேன்.

இதற்கிடையில் அந்தக் கடையை ஊர் கண்டுபிடித்துவிட்டது. சனிக்கிழமைகளில் வாசலில் வரிசை. அந்தப் பெண்மணி தனியாள். சனிக்கிழமைக்குப் பன்னிரண்டு போத்தல்தான் செய்வார், பதின்மூன்றாவது கிடையாது. இரண்டு கிழமை தொடர்ந்து நான் போவதற்குள் முடிந்துவிட்டது. மூன்றாவது கிழமை எனக்கு முன்னால் ஓட்டப்பயிற்சிக் காற்சட்டையோடு நின்ற ஒருவன் கடைசிப் போத்தலை வாங்கினான். ஓடி உடம்பைக் குறைக்கிறவனுக்கு எதற்குப் புரின்? எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அந்தப் பெண்மணி என் முகத்தைப் பார்த்து, "மன்னிக்க வேண்டும்" என்றார்.

அப்போதுதான் என் வாய் தன்பாட்டுக்குத் திறந்தது. "என் மனைவி கர்ப்பமாக இருக்கிறா. அவவுக்கு இது ஒன்றுதான் சாப்பிட மனம் வருகிறது" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். நாற்பத்துநாலு வயது, மீசையில் நரை, நெற்றியில் திருநீறு. இந்தக் கோலத்தில் நின்று, எனக்குப் புரின் வேண்டும் என்று கெஞ்ச வெட்கமாக இருந்தது. மசக்கைக்காரிக்கு என்றால் எந்த நாட்டிலும் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அந்தப் பெண்மணியின் முகமே மாறிவிட்டது. கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"எத்தனை மாதம்?"

"மூன்று."

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது, வரிசையில் நின்றவர்களையெல்லாம் விட்டு என்னைக் கையால் கூப்பிட்டு, கீழேயிருந்து ஒரு கடதாசிப் பையை எடுத்துத் தந்தார். அதில் இரண்டு போத்தல். பையின் மேல் ஆங்கிலத்தில் 'பேபி' என்று எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்குப் பரீட்சைதான். நித்திரை கொள்கிறாவா, கால் வீங்குகிறதா, பிள்ளை உதைக்கிறதா என்று அவர் கேட்பார். மகள் வயிற்றிலிருந்த நாட்களை ஞாபகப்படுத்திப் பதில் சொன்னேன். மாதக் கணக்குத் தவறக்கூடாது என்று அலுவலகக் குறிப்புப் புத்தகத்தில், குழாய் விட்டங்களுக்குப் பக்கத்தில், பென்சிலால் குறித்து வைத்தேன். அப்படியிருந்தும் ஒருமுறை ஐந்தாம் மாதம் இரண்டு தடவை வந்துவிட்டது. அவர் விரலை மடித்துப் பார்த்து யோசித்தார். டொக்டர்தான் திகதியை மாற்றிப்போட்டார் என்று சமாளித்தேன். இன்னொரு நாள் வறுத்த பார்லித் தேயிலைப் பொட்டலம் ஒன்றைத் தந்து, இது கர்ப்பிணிகளுக்கு நல்லது என்றார். அதை அலுவலகத்தில் வைத்து நானே குடித்து முடித்தேன். நல்லதுதான்.

ஆர்கேட்டுக்குப் பின்னால் கார் நிறுத்துமிடம் இருந்தது. அங்கே கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு போத்தலையும் சாப்பிட்டு, மீசையைத் துடைத்து, கலைந்திருந்தால் திருநீற்றைத் திரும்பப் பூசிக்கொண்டு மகளை ஏற்றப் போவேன். அவள் காருக்குள் ஏறியதும் மூக்கைச் சுருக்குவாள்.

"அப்பா, யூ ஸ்மெல் லைக் கேக்."

"கோயில்ல பஞ்சாமிர்தம் தந்தவை."

"ஓகே" என்று சொல்லிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொள்வாள்.

மூன்று மாதச் சீனிப் பரிசோதனை திரும்ப வந்தபோது முன்பைவிடக் கூடியிருந்தது. மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கடைசியில் குற்றம் பிட்டின் தலையில் விழுந்தது. நாலு குழல் இரண்டானது. அந்தக் குரக்கனுக்கு நான் செய்த துரோகத்தை நினைத்து, கொடுத்ததைப் பேசாமல் சாப்பிட்டேன்.

பேசாமல் இருந்திருந்தால் எல்லாமே பேசாமல் போயிருக்கும். ஆனால் நான் அதற்குள் நிபுணனாகிவிட்டேன். ஆகஸ்ட் மாதம் வென்ட்வேர்த்வில்லில் ஒரு பிறந்தநாள் விழா. எங்கள் பகுதியில் எந்த விழா என்றாலும் ஒரு அன்ரிதான் கரமல் புடிங் செய்துகொண்டு வருவா. முப்பது வருடமாகச் செய்கிறா என்று சொல்வார்கள். அன்றும் ஒரு பெரிய தட்டில் கொண்டுவந்து நடுவில் வைத்திருந்தா. அன்ரியின் மனம் நோகக்கூடாது என்று மனைவி எனக்கு ஒரேயொரு கரண்டி அனுமதித்தாள். நான் அதை வாயில் வைத்து, கண்ணை மூடி, திறந்தேன்.

"அன்ரி, நெருப்பு கொஞ்சம் கூடிப்போச்சு. ஆவி கொதிச்சால் இப்பிடித்தான் ஓட்டை ஓட்டையா விழும். பாகையும் இன்னும் கொஞ்சம் கறுக்க விட்டிருக்கலாம். கசப்பு வந்தால்தான் இனிப்புக்கு ஒரு மரியாதை."

மேசையைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். அன்ரி என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்தா.

"உம்மட மனுசன் எப்ப தொடக்கம், பிள்ளை, குசினிக்குள்ள போறவர்?"

"இவரோ? தேத்தண்ணிக்கே என்னைக் கூப்பிடுறவர் அன்ரி."

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி கேட்டாள். "உது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"டீவியில பார்த்தனான்."

அவள் காய்ச்சல்காரனின் வாயிலிருந்து எடுத்த வெப்பமானியைப் பார்ப்பதுபோல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

செப்டெம்பரில் என் இல்லாத பிள்ளைக்கு எட்டாம் மாதம். ஒரு சனிக்கிழமை அந்தப் பெண்மணி பையைத் தந்துவிட்டு, பொறுங்கள் என்று உள்ளே போய், மெல்லிய கடதாசியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். மஞ்சள் கம்பளி நூலில் பின்னிய ஒரு சோடிக் காலுறை. என் பெருவிரலுக்கே போதாது, அவ்வளவு சின்னது. "நானே பின்னினேன். ஆணா பெண்ணா என்று தெரியாது, அதனால் மஞ்சள்" என்றார். கடை மூடிய பிறகு, குசினியில் நாள் முழுக்க நின்ற காலோடு இருந்து பின்னியிருப்பார். நன்றி என்று ஏதோ சொன்னேன். காருக்குள் போய் இருந்தேன். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை என்று எழுதினால் எனக்கு அழகாக இருக்கும். ஒன்றைச் சாப்பிட்டேன். மற்றதைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

காலுறையை என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோகவும் முடியாது, எறியவும் மனமில்லை. முன் இருக்கையின் பின்பக்கப் பையில், தெருப்படப் புத்தகத்துக்குள் செருகிவைத்தேன். இனி என்ன செய்யலாம் என்று திட்டம் போட்டேன். பிள்ளை பிறந்துவிட்டது, பேர்த்துக்குக் குடிபோகிறோம் என்று சொல்லிவிடலாம். ஆனால் பேர்த்துக்குக் குடிபோனவன் அடுத்த கிழமை புரின் வாங்க எப்படி வருவது? என் யோசனை அந்த இடத்திலேயே நின்றுபோனது. இருபது வருடமாகத் தண்ணீர் எங்கே போய் அடைக்கும் என்று கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

அடுத்த நாள் ஒரு கலியாண வரவேற்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். மனைவி பட்டுச்சேலையில் எனக்குப் பக்கத்தில். மகள் பின்னால். அவளுடைய ரெலிபோனில் சார்ஜ் முடிந்துவிட்டது. பொழுதுபோகாமல் இருக்கைப் பையைக் கிளறியிருக்கிறாள்.

"அம்மா" என்றாள். "ஆர் யூ பிரெக்னன்ட்?"

"என்னடி விசர்க் கதை?"

மகள் இரண்டு மஞ்சள் காலுறைகளையும் இரண்டு விரலில் மாட்டி, எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டினாள். மனைவி அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"காரை ஓரமா விடுங்கோ."

"இதில பஸ் நிக்கிற இடமப்பா..."

"விடுங்கோ எண்டனான்."

விட்டேன்.

"இது ஆற்ற பிள்ளைக்கு?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று அந்த நிமிடம் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று மணித்தியாலம், கோயில், திடீர்ப் பக்தி, சட்டையில் இனிப்பு மணம். ஐயோ முருகா என்று அன்றைக்குத்தான் உண்மையாகக் கூப்பிட்டேன்.

"பிள்ளை இல்லையப்பா. பிள்ளையே இல்லை. புரின்."

"ஆர் அது புரின்?"

"ஆளில்லை. சாப்பாடு. புடிங்."

முழுவதையும் சொன்னேன். மழை, சந்து, பன்னிரண்டு போத்தல், மூன்றாம் மாதம், பார்லித் தேயிலை, எல்லாம். பின்னால் மகள் முதலில் இருமினாள், பிறகு இருக்கையில் சரிந்து விழுந்து சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. நான் முடித்ததும் கேட்ட முதல் கேள்வி இது.

"கிழமைக்கு எத்தினை?"

"ரெண்டு."

"ஏப்ரலில இருந்தோ?"

"ஓம்."

"நான் பிட்டைக் குறைச்சனான்" என்றாள், தனக்குத்தானே. "பாவம் எண்டு இரக்கப்பட்டு இரக்கப்பட்டுக் குறைச்சனான்." பின்னால் ஒரு பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. "எடுங்கோ காரை. வாற சனிக்கிழமை நான் லீவு போடுறன். ரெண்டு பேரும் போறம். அந்த மனுசிக்கு நீங்களே உங்கட வாயால சொல்லுறியள்."

சனிக்கிழமை போனோம். நான் முன்னால், மனைவி பின்னால். அவளைக் கண்டதும் அந்தப் பெண்மணியின் முகம் மலர்ந்தது. வரிசையில் நின்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்து, குனிந்து வணங்கி, ஒரு கதிரையைத் துடைத்து, மனைவியின் கையைப் பிடித்து இருத்தினார். மனைவி தடித்த குளிர்ச்சட்டை போட்டிருந்தாள், வயிறு தெரியாது. அவள் இருந்துகொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள், தொடங்குங்கோ என்பதுபோல.

"நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்" என்றேன் ஆங்கிலத்தில். "பிள்ளை... பிள்ளை இல்லை."

அந்தப் பெண்மணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண் உடனே நிறைந்துவிட்டது. மனைவிக்கு முன்னால் முழங்காலில் இருந்து, அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டார். வரிசையில் நின்ற ஒரு வயதான வெள்ளைக்காரி "ஓ, டார்லிங்" என்றா.

என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான ஒரு நிமிடம் இல்லை. "இல்லை, இல்லை, அப்படியில்லை" என்று கையை ஆட்டினேன். மனைவிதான் குனிந்து, நோயாளிக்குச் சொல்கிற நிதானத்தோடு சொன்னாள். "ஒன்றும் நடக்கவில்லை. நான் கர்ப்பமாக இருந்ததே இல்லை. இவருக்குப் புரின் விருப்பம். அதற்காகப் பொய் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் இவர்தான் சாப்பிட்டார்."

அந்தப் பெண்மணி எழுந்தார். கண்ணைத் துடைத்தார். என்னைப் பார்த்து, "விருப்பம் என்று சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு அது விளங்கவில்லை. நான் காலுறைப் பொட்டலத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மனைவி வாங்கிக்கொண்டாள், வார்டில் ஒரு பிள்ளைக்குக் கொடுப்பதாகச் சொன்னாள். கொடுத்தும்விட்டாள்.

பிறகு அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "அப்படியானால் நீங்கள் இதுவரை ஒன்றுகூடச் சாப்பிட்டதில்லையா?"

"ஒன்றுகூட இல்லை."

அவர் உள்ளே போய், 'பேபி' என்று எழுதிய அந்தப் பையிலிருந்த இரண்டு போத்தலையும் எடுத்து, நூலை அவிழ்த்து, மனைவியின் முன்னால் வைத்தார். ஒரேயொரு கரண்டி. எனக்குக் கதிரையும் இல்லை. நான் சுவரோடு ஒதுங்கி நின்றேன். வரிசையில் நின்றவர்களுக்கு இப்போது எல்லாம் தெரியும். அவர்களும் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மனைவி மெதுவாகச் சாப்பிடுகிறவள். முதல் கரண்டியை வாயில் வைத்துவிட்டு அப்படியே இருந்தாள். இரண்டாவதை அடிவரை விட்டு எடுத்தாள். கசப்பு வந்தபோது புருவம் கொஞ்சம் சுருங்கி, விரிந்தது. முதல் போத்தல் முடிந்தது. இரண்டாவது பாதியில் என்னை ஒருமுறை பார்த்தாள். தரப்போகிறாள் என்று நினைத்து ஒரு அடி முன்னால் வைத்தேன். அவள் திரும்பவும் போத்தலைப் பார்த்தாள். எல்லாம் முடிந்து, மூலையைச் சுரண்டி, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னும் ஒன்று இருக்குமா?"

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு இழப்புத்தான். ஒதுக்கிவைக்கிற பை நின்றுபோனது. நான் எல்லோரையும்போல வரிசையில் நின்றேன். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஒரு போத்தலில் பாதி என்று மனைவி சட்டம் போட்டாள். மறுபாதி அவளுக்கு. அவளே மேற்பார்வையாளராக வந்ததால் அந்தப் பெண்மணியும் அவளும் சிநேகிதமாகிவிட்டார்கள். கவுண்டரில் கையூன்றி நின்று மணிக்கணக்காகக் கதைப்பார்கள். நான் பக்கத்தில் போனால் கதை நிற்கும். என் சீனி மட்டும் இறங்கத் தொடங்கியது. சனிக்கிழமை கோயிலுக்குப் போவதையும் நான் விட முடியவில்லை. திடீரென்று நிறுத்தினால் முருகன் என்ன நினைப்பார் என்று ஒரு கூச்சம்.

2013 நடுப்பகுதியில் அந்தப் பெண்மணிக்கு முழங்கை வருத்தம் வந்தது. கிண்டுகிற வேலை இனி ஆகாது என்று கடையை மூடிவிட்டு, மகனோடு இருக்கப் பிறிஸ்பேனுக்குப் போனார். கடைசிச் சனிக்கிழமை நானும் மனைவியும் போய், வரிசையில் முக்கால் மணித்தியாலம் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்றவரோடு பன்னிரண்டும் முடிந்தது. கண்ணாடிப் பெட்டியில் மிஞ்சியிருந்த சின்னப் பாண் ரொட்டியை ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு விடைபெற்றோம். மனைவி அழுதாள்.

அதன் பிறகு நாங்கள் சிட்னி முழுவதும் தேடினோம். சீனக்கடைத் தெருவில், பெரிய ஷொப்பிங் சென்ரர்களின் அடித்தளத்தில், சுஷி என்று பச்சைமீன் சோறு விற்கிற கடைகளில். சில இடத்தில் கல்லுப்போல இருந்தது. சில இடத்தில் மேலே கிறீமும் செறிப்பழமும் வைத்து, அடியில் பாகே இல்லை. ஒரு கடையில் பொதியிலிருந்து தூளை எடுத்துக் கரைப்பதை மனைவி குசினிக் கதவிடுக்கால் கண்டுவிட்டாள். சாப்பிடாமலே எழும்பிவிட்டோம்.

அந்த வருட முடிவில் வேலை விஷயமாக இரண்டு நாள் மெல்பனுக்குப் போனேன். அங்கேயிருந்த ஒரு நண்பர் த பேசின் என்ற புறநகரில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனார். என் பக்திப் புகழ் அங்கேயும் போயிருந்தது. திரும்பிவந்து நகரத்துக்குள் நடந்துபோனபோது, ஒரு சந்தில் ஜப்பானியத் தேத்தண்ணீர்க்கடை ஒன்று கண்ணில் பட்டது. கண்ணாடிக்குள் சின்னச் சின்னப் போத்தல்கள். உள்ளே போய் ஒன்று வாங்கினேன். சாப்பிட்டுவிட்டு, அங்கேயே நின்று மனைவிக்கு ரெலிபோன் அடித்தேன். அவள் வார்டில் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் இருந்தாள்.

"இஞ்சேரும், ஒண்டு கிடைச்சிட்டுது."

"நாக்கில நிக்குதோ, கரையுதோ?"

"கரையுது."

"அடிப்பாகு கசக்குதோ?"

"கசக்குது. போதாது எண்டாலும் கசக்குது."

"எத்தினை சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்டு."

"சரி. வரேக்க எனக்கு ரெண்டு, பிள்ளைக்கு ஒண்டு. விழுத்திப்போடாதேயுங்கோ."

மூன்று போத்தலையும் பனிக்கட்டியோடு ஒரு பெட்டியில் வைத்துக் கட்டித் தந்தார்கள். விமானத்தில் அதை மடியிலேயே வைத்திருந்தேன். மேலே வைக்கச் சொன்ன பணிப்பெண்ணிடம், மடியிலேயே இருக்க விடுங்கள் என்று மன்றாடினேன். சிட்னிக்குக் கிட்ட வரும்போது விமானம் நன்றாகக் குலுங்கியது. வீட்டுக்கு வந்து குசினி மேசையில் வைத்துத் திறந்தால், பாகு அடியில் இல்லை. எல்லாம் ஒன்றாகக் கலந்து, சேற்றுத் தண்ணீர்போல மண்ணிறத்தில் கிடந்தது.

"இது புரினோ, நீங்கள் கீறுற வாய்க்காலோ?" என்றாள் மனைவி. மகள் எட்டிப் பார்த்து "எவ்" என்றுவிட்டுத் தன் அறைக்குப் போனாள். மனைவி சின்னக் கரண்டியைத் தேடவில்லை. சோற்றுக் கரண்டி ஒன்றை எடுத்துக் கழுவி, கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, முதல் போத்தலைத் தன் பக்கம் நகர்த்தினாள். மகளுடைய போத்தலை ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டோம்.